வாக்குப் பொய்த்த ஜோசியக்கா

மூளையில் ரத்தம் கசிந்து வருகிறவர்களைப் படுக்க வைக்கும் அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில், ஜோசியக்காவின் வாக்குக்கு இருந்த மரியாதை ஸ்கேனுக்குக்கூட இருந்ததில்லை. ஸ்கேன் இயந்திரமாவது அவ்வப்போது பழுதாகி நிற்கும். ஜோசியக்கா லீவு போடுவதே அபூர்வம்.

அவள் கைரேகை பார்க்க மாட்டாள், கட்டம் போட மாட்டாள். அங்கே மூத்த நர்ஸ், அவ்வளவுதான். புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து படுக்க வைத்ததும் கண்ணிமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்ப்பாள். நகத்தின் மேல் பேனாவை வைத்து அழுத்தி, கை வலியிலிருந்து விலகுகிறதா, விறைத்து நீளுகிறதா என்று கவனிப்பாள். மூச்சு போகிற தினுசைச் சிறிது நேரம் கேட்பாள். கடைசியாக உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பாள். பிழைப்பாரா மாட்டாரா என்பது அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். அத்தனை வருஷ சர்வீசில் அவள் வாக்குத் தப்பியதாக அங்கே யாருக்கும் நினைவில்லை.

வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டாள். பிழைக்கிற ஆள் என்று தோன்றினால் கட்டில் கம்பியைத் தட்டிவிட்டு, சின்ன நர்சுகளைத் திட்டத் தொடங்குவாள். அது ஏன் இன்னும் போடவில்லை, இது ஏன் இங்கே கிடக்கிறது என்று ஒரே ரகளையாக இருக்கும். பிழைக்க மாட்டார் என்று தோன்றினால் திட்டே இருக்காது. போர்வையை நெஞ்சு வரை இழுத்து, மேல் மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். மரியாதைக்காகச் செய்தது நாளடைவில் பழக்கமாகிவிட்டது. தான் அப்படிச் செய்கிறோம் என்பதே அவளுக்குப் பாதி நேரம் தெரியாது. ஆனால் வார்டு முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். போர்வை நீவியாயிற்று என்றால் அந்தக் கட்டிலைச் சாயங்காலத்துக்குள் கதவோரம் தள்ளி வைப்பார்கள். அங்கிருந்து ஸ்ட்ரெச்சரை வெளியே கொண்டுபோனால் மற்ற நோயாளிகளின் கண்ணில் படாது. யாரும் உத்தரவு போட்டு வந்த ஏற்பாடில்லை அது, தானாக அமைந்தது.

அதில் அவளுக்குப் பெருமை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருந்தது, கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அந்தப் பெருமைக்கு அடியில் ஒரு பழைய காயமும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மகனைப் படுக்க வைத்துவிட்டு வாசலில் நின்ற ஒரு தாயிடம், "சரியாயிடும்மா, கவலைப்படாதீங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். பையன் மறுநாளே போய்விட்டான். அந்த அம்மா அழவில்லை. இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா பொய் சொன்னே?" என்று மட்டும் கேட்டாள். அன்றோடு சரி. செத்துப்போகிறவரைப் பிழைப்பார் என்று இனி சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். அதற்குப் பிறகு உறவினர்கள் கேட்டால், "வெளியூர்ல யாராவது இருந்தா வரச் சொல்லிடுங்க" என்பதுதான் அவள் சொல்லும் வார்த்தை. கேட்டவர்களுக்குப் புரிந்துவிடும்.

ஜோசியக்கா என்ற பட்டத்தைக் கொடுத்தது அவளுடைய கொழுந்தன். அவன் வீடுகளுக்கு வண்ணமடிக்கிற பெயிண்டர். அண்ணன் பஸ் டிரைவர், பேசினால் டீசல் செலவாகும் என்பதுபோல் இருப்பவர். தம்பி அதற்கும் சேர்த்துப் பேசுவான். ஒருநாள் அண்ணிக்குச் சாப்பாடு கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வந்தவன், "எங்க ஜோசியக்கா இருக்காங்களா?" என்று வார்டு வாசலில் நின்று உரக்கக் கேட்டுவிட்டான். மறுநாள் முதல் பெரிய டாக்டர் தவிர எல்லோருக்கும் அவள் ஜோசியக்காதான்.

இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், மாடியும் கீழுமாக இருந்தன. தண்ணீர்க் குழாய் ஒன்று. பெயிண்டரின் மனைவிக்கு, அதாவது ஜோசியக்காவின் ஓரகத்திக்கு, வாய் நீளம். இரண்டு ஓரகத்திகள் ஒரே வீட்டில் சண்டை போடாமல் இருக்கிறார்கள் என்றால் அவர்களில் ஒருத்திக்குக் காது கேட்கவில்லை என்று அர்த்தம். இங்கே இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்டது. குழாயடியில் தினமும் ஏதாவது ஒன்று நடக்கும். ஜோசியக்காவுக்குக் கருநாக்கு, நல்ல வார்த்தையே வராது என்று ஓரகத்தி பக்கத்து வீட்டில் சொன்னது, நடந்து வந்து மாடியேறி இவள் காதிலும் விழுந்திருந்தது.

பெயிண்டருக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. மாத்திரையும் உண்டு. தலைவலியே இல்லாதபோது மாத்திரை எதற்கு என்று அவன் ஒரு நியாயம் வைத்திருந்தான். ஒருநாள் காலையில் பள்ளிக்கூடச் சுவர் ஒன்றுக்கு வண்ணமடித்துக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுத்தான், மறுபடி விழுந்தது. கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். பதிலுக்கு ஏதோ சொல்ல வந்தவனுக்குச் சொல் குழறிற்று. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தான். பெயிண்ட் ஏற்றிப் போகிற வண்டியிலேயே போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள்.

ஸ்கேன் முடிந்து, தொண்டையில் குழாய் போட்டு, வென்டிலேட்டரோடு அவனை வார்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தபோது ஜோசியக்கா பணியில் இருந்தாள். சட்டையில் காயாத நீலப் பெயிண்ட் இருந்தது. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டாள். ஆனாலும் கை பழகிய கை, அது பாட்டுக்கு வேலையைச் செய்தது. டார்ச் அடித்தாள், கண்மணி சோம்பலாகச் சுருங்கிற்று. நகத்தை அழுத்தினாள், வலது கை கிடந்தபடி கிடந்தது, இடது கை யோசித்து யோசித்து விலகியது. உள்ளங்கால் சில்லென்று இருந்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. போர்வையை நெஞ்சு வரை இழுத்து, மேல் மடிப்பை நீவிவிட்டாள்.

சொந்தக்காரரை அவரவர் கவனிக்கக் கூடாது என்பது அங்கே விதி. தலைமை நர்ஸ் வந்து அவள் தோளைத் தொட்டு, இன்று நீ வேலை பார்க்க வேண்டாம், சொந்தக்காரியாக உட்கார் என்று ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தாள். ஜோசியக்கா உட்கார்ந்தாள். அந்த வார்டில் அவள் உட்கார்ந்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

பெரிய டாக்டர் வந்து ஸ்கேனைப் பார்த்தார். மூளை மருத்துவத்தில் பேர் வாங்கிய பெண்மணி, குரலை உயர்த்தாதவர். அவரிடம் ஒரு மதிப்பெண் முறை இருந்தது. வயது என்ன, ரத்தம் எவ்வளவு, எந்த இடத்தில், மூளைக்குள் இருக்கும் நீரறைகளில் இறங்கிவிட்டதா, ஆள் எவ்வளவு விழிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டுவார். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர், இங்கே மார்க் ஏற ஏற ஃபெயில். பெயிண்டருக்கு மார்க் தாராளமாகவே விழுந்தது. ரத்தம் நீரறைக்குள் இறங்கியிருந்தது. தேங்குகிற நீரை வடிக்க மண்டையில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்தார்கள். அதன் பிறகு டாக்டர் இவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"சிஸ்டர், நான் எப்பவும் சொல்றதுதான். இந்த நம்பர் நூறு பேர் இருந்தா அதுல எத்தனை பேருன்னு சொல்லும். இவர் எந்தப் பக்கம்னு சொல்லாது. முதல் சில நாள் இதை வச்சு யாரும் கையைத் தளர விடக் கூடாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். டாக்டர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அவர் அதை மாதா மாதம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். தலையாட்டி முடித்ததும் எல்லோருடைய கண்ணும் போர்வை மடிப்புக்குப் போயிற்று. மறுநாள் டாக்டர் ஒரு கூட்டத்துக்காக வெளியூர் போனார். அவர் போன கையோடு பெயிண்டரின் கட்டில் கதவோரம் வந்துவிட்டது.

ஜோசியக்கா ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். அவளுக்கு அதில் ஒன்றும் தவறாகத் தோன்றவில்லை. நேரம் ஆக ஆகத்தான் ஒன்றொன்றாகக் கண்ணில் பட்டது. கட்டிலைத் தள்ளுவதற்காகத் தலைமாட்டைத் தாழ்த்தியிருந்தார்கள், அதை மறுபடி உயர்த்தவில்லை. ரத்தம் கசிந்த தலை உயர்ந்திருக்க வேண்டும் என்பது அங்கே கூட்டிப் பெருக்குகிறவருக்கும் தெரியும். ஒரு பக்கமாகவே படுத்திருந்தவனைத் திருப்பிப் போடுகிற நேரம் வந்தது, போனது. தொண்டைக் குழாயில் சளி கொரகொரத்தது. கூப்பிட்டால், "இதோ வந்துட்டேன்க்கா" என்று குரல் வந்தது, ஆள் சாவகாசமாக வந்தாள். மார்பைத் தட்டிச் சளியை இளக்குகிற ஃபிசியோ பையன் இந்தக் கட்டில் வரை வந்து, ஜோசியக்காவைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனான். காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. மருந்து வந்தது, ஆனால் காய்ச்சல் முதலில் வந்துவிட்டது.

யாரும் கெட்டவர்கள் இல்லை. அவளிடம் எல்லோரும் அப்படி அன்பாக இருந்தார்கள். டீ கொண்டுவந்து கொடுத்தார்கள், தோளைத் தடவினார்கள், சாப்பிட்டீங்களா என்று விசாரித்தார்கள். அந்த அன்புதான் அவளை உறுத்தியது. வருகிறவர்கள் எல்லாம் அவளிடம் வந்தார்கள். அவனிடம் யாரும் வரவில்லை.

எழுந்து தலைமாட்டைத் தானே உயர்த்தினாள். உயர்த்திக்கொண்டிருக்கும்போதே, இத்தனை வருஷமாகத் தான் போர்வை நீவிய ஒரு கட்டிலின் பக்கத்திலும் உட்கார்ந்ததே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. நீவிவிட்டு அவள் போய்விடுவாள், பிழைக்கிறவர்களிடம். அவள் போனதும் இங்கே என்ன நடக்கும் என்று அவள் பார்த்ததில்லை. இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் நீவியதும் அத்தனை கைகளும் கொஞ்சம் மெதுவாகிவிடும். கை மெதுவானால் ஆள் போய்விடுவான். ஆள் போனால் வாக்குப் பலித்ததென்று பேராகும். பேர் வளர வளர, அடுத்த தடவை கைகள் இன்னும் சீக்கிரம் தளரும். அவர்களில் எத்தனை பேர் எப்படியும் போயிருப்பார்கள், எத்தனை பேர் இவள் வாக்கைக் காப்பாற்றப் போனார்கள் என்று இனி எந்த ஸ்கேனும் சொல்லாது. அவளுக்கு உடம்பு முழுக்க எரிந்தது. வெட்கத்தில் அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

அவள் திட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். திட்டினால் செய்வார்கள். ஆனால் திட்டுக்குப் பயந்து செய்கிற வேலை வேறு, பிழைப்பான் என்று நம்பிச் செய்கிற வேலை வேறு. அந்த வித்தியாசம் அவளை விட யாருக்குத் தெரியும்?

மத்தியானம் பணியில் இருந்த இளம் டாக்டர் குடும்பத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். உறவினர்களோடு பேசுவதற்கென்று ஒரு சின்ன அறை உண்டு, நான்கு நாற்காலி, ஒரு காலண்டர். பஸ் டிரைவர் சீருடையோடு வந்திருந்தார். ஓரகத்தி இரண்டு நாளாகத் தலை வாரவில்லை. டாக்டர் நல்ல பிள்ளை, வார்த்தைகளை அடுக்கடுக்காக யோசித்து வைத்திருந்தார். ரத்தக்கசிவு பெரிது, மார்க் அதிகம், இதயம் நின்றால் மறுபடி இயக்கிப் பார்ப்பது அவருக்குத் துன்பம்தான், இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த ஏற்பாட்டுக்குக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரகத்தி டாக்டரைப் பார்க்கவில்லை. அவள் திரும்பி ஜோசியக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா தப்பாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. பிழைப்பாரா?"

டாக்டரும் அவளைத்தான் பார்த்தார். அவள் சொல்லப் போவதை வைத்துத்தான் அவரும் பேசிக்கொண்டிருந்தார் என்பது அப்போது விளங்கியது. வெளியூர்ல யாராவது இருந்தா வரச் சொல்லிடு என்பது நாக்கின் நுனியில் நின்றது. அதுதான் அவள் அறிந்த நிஜம். கால் இன்னும் சில்லென்றுதான் இருந்தது. பொய் சொன்னாயே என்று கையைப் பிடித்த அந்தத் தாயின் முகமும் கண்ணுக்குள் வந்து நின்றது. நாளைக்கு இந்த ஓரகத்தியும் அதே கேள்வியைக் கேட்பாள், குழாயடியில், ஆயுசு முழுக்க.

"பிழைப்பான்" என்றாள் ஜோசியக்கா, ஓரகத்தியின் கண்ணைப் பார்த்து. "எதையும் நிறுத்த வேண்டாம் டாக்டர். அவன் பிழைச்சுடுவான்."

சொல்லிவிட்டு நிற்கவில்லை. விறுவிறுவென்று வார்டுக்குள் வந்தாள். போர்வையைப் பிடித்து இழுத்துக் காலடியில் சுருட்டிப் போட்டாள். நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நேத்து நான் சரியாப் பாக்கல. இப்பத்தான் பாத்தேன், கால்ல சூடு வந்திருக்கு. இவன் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவான். கட்டிலைக் கதவுக்கிட்ட எந்த மகராசி கொண்டுவந்து போட்டது?"

அவ்வளவுதான். அப்புறம் அந்த வார்டைப் பார்த்திருக்க வேண்டும். எள் என்பதற்குள் எண்ணெயாக நின்றார்கள். கட்டில் நர்சுகளின் மேசைக்கு நேர் எதிரே போயிற்று. ஃபிசியோ பையன் வந்து மார்பைத் தட்டிய தட்டில் எடுக்க எடுக்கச் சளி வந்தது. காய்ச்சலைக் குறைக்க ஈரத்துணியும் ஃபேனும் மருந்துமாக மூன்று பக்கமும் முற்றுகை நடந்தது. கூப்பிட்டால் வருகிறவர்கள் போய், கூப்பிடாமலே வருகிறவர்கள் ஆனார்கள். ரத்த அழுத்தத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். ஜோசியக்கா வாக்குத் தப்பக் கூடாதே என்பதும் அதில் இருந்தது. அந்தப் பேர் ஒருதரமாவது நல்ல காரியத்துக்கு உதவட்டும் என்று அவள் பேசாமல் இருந்தாள். ஓரகத்தியும் உள்ளே விடுகிற நேரமெல்லாம் வந்து, அசையாத கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டே, வீட்டுச் சண்டைகளையெல்லாம் ஒன்று விடாமல் அவன் காதில் ஓதினாள்.

ஜோசியக்காவுக்கு மட்டும் உள்ளுக்குள் நிம்மதியே இல்லை. வார்டில் இருக்கும்போது திரையைப் பார்க்கப் பயம், வீட்டில் இருக்கும்போது போனைப் பார்க்கப் பயம். பெரிய டாக்டர் திரும்பி வந்தார், மறுபடி எடுத்த ஸ்கேனில் ரத்தம் பெருகவில்லை என்றார். காய்ச்சல் இறங்கியது. மண்டைக் குழாயில் வடிந்த நீர் சிவப்பிலிருந்து வெளுத்து வந்தது. ஒருநாள் காலை உள்ளங்காலைத் தொட்டாள். உண்மையாகவே சூடு இருந்தது. யாருக்கும் தெரியாமல் மருந்து அலமாரிப் பக்கம் போய் நின்று அழுதாள்.

பிறகும் நாள் எடுத்தது. ஒரு வாரம் கண்ணைத் திறந்து மூடினான், அவ்வளவுதான். அப்புறம் சொன்னால் இடது கையைத் தூக்கினான். தானாக மூச்சு விட்டான். தொண்டைக் குழாயை எடுத்தார்கள். அன்று தொண்டையில் மிச்சமிருந்த சளியை எடுக்க ஜோசியக்காதான் உறிஞ்சு குழாயை உள்ளே விட்டாள், இத்தனை நாள் ஆன பிறகு அந்த விதியையெல்லாம் யார் பார்த்தார்கள்? அது பிடிக்காத காரியம், இருமல் பிய்த்துக்கொண்டு வரும். இருமி முடித்துக் கண்ணில் நீர் வழிய அவளைப் பார்த்த பெயிண்டர் கரகரத்த குரலில் முதல் வார்த்தை சொன்னான்.

"சனியனே."

மூளையில் பேச்சு இருக்கிற இடம் அடிபட்டால் பெயர் வராது, ஊர் வராது, வசவு மட்டும் சில சமயம் பத்திரமாக இருக்கும் என்பார்கள். கொழுந்தன் அண்ணியைச் சொல்கிற வார்த்தையா அது? ஆனால் வார்டே கைதட்டியது. ஃபிசியோ பையன் விசிலடித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். சண்டை போட ஒரு காரணம் கிடைத்தால் விடாத ஓரகத்தி, "இன்னொரு தரம் சொல்லுங்க, இன்னொரு தரம்" என்று கெஞ்சினாள். ஜோசியக்காவுக்கு வாழ்க்கையில் எந்த வசவும் அப்படி இனித்ததில்லை.

அவளுடைய பொய்தான் அவனைக் காப்பாற்றியது என்று நான் சொன்னால் அது இன்னொரு ஜோசியமாகிவிடும். ரத்தம் அதோடு நின்றது அவன் நல்ல நேரம். டாக்டர் வைத்த குழாய் ஒரு காரணம், தட்டிய கை ஒரு காரணம். எது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? ஆனால் கதவோரம் கிடந்திருந்தால் இதெல்லாம் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் அவளுக்குத் தெரியும்.

கூத்து என்னவென்றால், இதனால் அவள் பேர் இரட்டிப்பாகிவிட்டது. மார்க் கைவிட்டவனையே ஜோசியக்கா பிழைப்பான் என்றாளாம், பிழைத்தானாம் என்று செய்தி மாடிக்கு மாடி ஏறிற்று. வேறு வார்டுகளிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போங்களேன் என்று காத்து நின்றார்கள். கேட்கக் கேட்க அவளுக்கு முள் மேல் நிற்பதுபோல் இருந்தது. ஒருநாள் காலையில் ஷிஃப்ட் மாறும்போது எல்லோரும் கூடியிருந்த இடத்தில், பெரிய டாக்டர் முன்னால், எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். தான் அன்று பொய் சொன்னதை, காலில் சூடு இல்லாததை, போர்வை மடிப்பை, அதற்குப் பிறகு கைகள் மெதுவாவதை, எதையும் விடவில்லை. இனி என் முகத்தைப் பார்க்காதீர்கள், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் என்றாள். பெரிய டாக்டர் எழுந்து வந்து, எத்தனையோ வருஷமாக நான் சொல்லி நடக்காததை நீங்கள் தோற்றுக் காட்டி நடத்திவிட்டீர்கள் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதிலிருந்து அங்கே கட்டில்கள் வந்த வரிசையில்தான் நின்றன. முதல் சில நாள் யாரும் வாக்குச் சொல்லக் கூடாது, கை தளராமல் வேலை பார்க்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. எல்லோரும் பிழைத்துவிட்டார்களா என்றால், இல்லை. கசிவு கசிவுதான், சாவு சாவுதான். அப்படிப் போனவர்களின் வீட்டாரிடம் அவள் உட்கார்ந்து நிஜத்தைச் சொன்னாள், ஆனால் நேரம் கொடுத்துப் பார்த்த பிறகு சொன்னாள். மனசுக்குள் வாக்கு வருவதை மட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை. பழகிய மூளை, டார்ச் அடித்ததும் அது சொல்லிவிடும். அது மாட்டார் என்று சொன்னவர் பிழைத்து நடந்து வெளியே போனால், அன்று வார்டு முழுக்க மிட்டாய் கொடுப்பாள். மிட்டாய் வந்தால் ஜோசியக்கா தோற்றிருக்கிறாள் என்று எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். அந்த வருஷம் அவள் தோற்ற தோல்விகளில் ஃபிசியோ பையனுக்குப் பல்லே சொத்தையாகிவிட்டது.

வீட்டில்தான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் முன்னால் சொன்னவளுக்கு ஓரகத்தி ஒருத்தியிடம் சொல்ல வாய் வரவில்லை. பெயிண்டர் கைத்தடியோடு நடக்கத் தொடங்கியிருந்தான். வலது கை தோள் வரை எழும், அதற்கு மேல் மாட்டேன் என்னும். பேச்சு தேடித் தேடி வந்தது. ஒரு சாயங்காலம், இடது கையால் பழகுகிறேன் பேர்வழி என்று தங்கள் வீட்டுக் கதவுக்கே வண்ணமடித்துக்கொண்டிருந்தான். பிரஷ் கோணல்மாணலாகப் போயிற்று, தரைக்கும் கொஞ்சம் கிடைத்தது. இரண்டு பெண்களும் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோசியக்காவுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அன்னிக்கு அந்த ரூம்ல நான் சொன்னது பொய். அவன் போயிடுவான்னுதான் நெனச்சேன். உன்கிட்ட சொல்லாம இருக்க முடியல."

ஓரகத்தி திரும்பக்கூட இல்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"பொய்னு தெரியும். நெஜம் சொல்றப்ப நீங்க எங்கேயாவது பாத்துக்கிட்டுச் சொல்லுவீங்க. குழாயடியில எத்தனை வருஷம் கேட்டிருக்கேன்? அன்னிக்கு நேரா என் கண்ணைப் பாத்துச் சொன்னீங்க. அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு."

அப்புறம் ஏன் அங்கேயே கேட்கவில்லை, அந்த வாய்க்கு என்ன வந்தது என்று ஜோசியக்கா கேட்டாள்.

"கேக்கத்தான் உங்க பின்னாலேயே ஓடி வந்தேன். கண்ணாடி வழியாப் பாத்தா, நீங்க சொன்னதும் அத்தனை பேரும் அவர்கிட்ட ஓடுறாங்க. ரெண்டு நாளா ஒருத்தரும் ஓடல, நானும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்? அந்தப் பொய்யை நான் எதுக்குக் கெடுக்கணும்? அது நெஜமாகிற வரைக்கும் பிடிச்சுக்கிட்டேன்."

ஜோசியக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கருநாக்கு என்று ஊரெல்லாம் சொன்னாயே என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. ஓரகத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் விடவில்லை.

கதவின் மேல் பக்கம் பெயிண்டருக்கு எட்டவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, படிக்கட்டுப் பக்கம் திரும்பி வார்த்தையைத் தேடினான். "அண்ணி... ஸ்டூல்... ரெண்டு பேரும்" என்றான். இவர்கள் எழுந்து போய் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள், பிடிக்கிற லட்சணம் சரியில்லை என்று ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டே.